ஊர் நடுவே ஓர் அரங்கம் – 7: பேக்லி தெருவில் ஒரு மனை

டெட்ராய்ட் நகரின் நடுப்பகுதியில் பேக்லி அவென்யூ என்றொரு தெரு. அதில் மிச்சிகன் பில்டிங் என்ற பதின்மூன்று மாடி அலுவலகக் கட்டடம் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய பழைய அலுவலகம்தான். அதோடு ஒட்டி மூன்று அடுக்கு பார்க்கிங் ஒன்று உண்டு. 160 கார் நிற்கும். மேல் அடுக்கில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறவர் அண்ணாந்து பார்த்தால், கார் நிறுத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கூரை தெரியும். சுதையால் வார்த்த பூவேலை, இலைக்கொடிகள், வட்டம் வட்டமாக உள்வாங்கிய விதானம். பாதி பெயர்ந்திருக்கிறது, பெயர்ந்த இடங்களில் இரும்புச் சட்டங்கள் தெரிகின்றன. ஒரு பக்கம் பிரம்மாண்டமான மேடை வளைவு. அதன் மேலே கந்தலாகிப்போன பழைய திரைத்துணி. கீழே வரிசையாக கார்கள்.

1926இல் திறக்கப்பட்ட மிச்சிகன் தியேட்டரின் மிச்சம் இது. 4,038 இருக்கைகள் கொண்டிருந்த அரங்கம்.

சென்ற வாரம் ஜான் குன்ஸ்கியைப் பார்த்தோம். 1905இல் டெட்ராய்ட்டின் முதல் சினிமாக் கொட்டகையைத் திறந்தவர், இருபது ஆண்டுகளில் நகரத்தின் தியேட்டர் அதிபரானார் என்பதோடு நிறுத்தியிருந்தோம். அவர் எழுப்பியவற்றிலேயே பெரியது மிச்சிகன். அதன் கதையைச் சொல்ல அதற்கும் முப்பது வருடம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் அந்த மனையில் முதலில் இருந்தது ஒரு வாடகை வீடு, அதன் பின்புறம் ஒரு செங்கல் கொட்டகை.

வீட்டு எண் 58, பேக்லி அவென்யூ. 1893 டிசம்பரில் அங்கே குடிவந்தவர் எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் வேலை பார்த்த ஓர் இளம் பொறியாளர். மனைவி பெயர் கிளாரா. கைக்குழந்தைக்கு ஒன்றரை மாதம்கூட நிரம்பவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, மறுநாள் விருந்துக்கான சமையலில் இருந்த கிளாராவைக் கணவர் கூப்பிட்டார். சமையலறைக் கழுவுதொட்டியின் மேல் ஒரு சிறு எஞ்சினைப் பொருத்தியிருந்தார். கேஸ் குழாய்த் துண்டைச் சிலிண்டராக்கிச் செய்த எஞ்சின். தீப்பொறிக்கு வீட்டு விளக்கின் மின்சாரம். கிளாரா பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட, கணவர் சக்கரத்தைச் சுழற்ற, எஞ்சின் இருமி, புகை கக்கி, ஓடியது. அந்தப் பொறியாளர் ஹென்றி ஃபோர்டு.

பின்கட்டுக் கொட்டகையில் பாதி பக்கத்து வீட்டுக்காரர் நிலக்கரி போட்டு வைக்கும் இடம். ஃபோர்டின் வேலையைப் பார்த்த அந்தப் பெரியவர் தன் பாதியையும் காலி செய்து கொடுத்துவிட்டார். இரவு இரவாக வேலை நடந்தது. 1896 ஜூன் 4, விடிவதற்கு முன்னால் வண்டி தயார். நான்கு சைக்கிள் சக்கரம், இரண்டு சிலிண்டர், நான்கு குதிரைத்திறன். வெளியே தள்ளப் பார்த்தபோதுதான் கதவு வண்டியைவிடக் குறுகலானது என்று தெரிந்தது. ஃபோர்டு கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை உடைத்தார். உதவியாளர் ஜிம் பிஷப் சைக்கிளில் முன்னே போய் வழி விலக்க, வண்டி ஈரத்தெருவில் இறங்கியது.

விடிந்த பிறகு நடந்ததாக ஃபோர்டு பின்னாளில் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உடைந்த சுவரைப் பார்த்து வீட்டுச் சொந்தக்காரர் கோபமாக வந்தார். ஃபோர்டு திரும்பக் கட்டித் தருவதாகச் சொன்னார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த வீட்டுக்காரர், சுவரைக் கட்டிவிட்டால் வண்டியை எப்படி உள்ளே விடுவாய், அதில் பெரிய கதவு போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கார் பிறந்த அன்றே, அதே மனையில், காரை நிறுத்த ஓர் இடமும் ஒதுக்கியாகிவிட்டது. ஒரு வண்டிக்கு ஒரு கொட்டகை. அன்றைக்கு அது யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை.

இனி முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடப்போம். 1908இல் மாடல் டி. 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசை முறை. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் ஆனது 93 நிமிடமாகச் சுருங்கியது. 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு நாளுக்கு ஐந்து டாலர் கூலி என்ற அறிவிப்பு. உலகத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் ஆள் வந்து குவிந்தார்கள். 1910இல் 4,65,766 பேர் இருந்த ஊர் 1920இல் 9,93,678 பேர் ஆனது. பத்து வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த மக்கள் கையில் கூலிக்காசு இருந்தது, வேலை முடிந்தால் பொழுதும் இருந்தது. 1926 மே மாதம் ஃபோர்டு தன் ஆலைகளில் சனிக்கிழமையையும் விடுமுறையாக்கினார். வாரம் ஐந்து நாள் வேலை. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று மிச்சிகன் தியேட்டர் திறந்தது. இரண்டும் ஒரே கோடையில் நடந்தவை. கார் தியேட்டரைக் கொன்றது என்று பின்னாளில் எல்லோரும் எழுதினார்கள். தியேட்டரைக் கட்டியதும் அதே கார்க் காசுதான் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நாலாயிரம் இருக்கையை ஊர் நடுவே போட்டு, அதை நிரப்பிவிடலாம் என்று குன்ஸ்கி துணிந்தது அந்த ஐந்து டாலரை நம்பித்தான்.

அவர் தனியாகவும் துணியவில்லை. சிகாகோவின் பாலபான் அண்ட் காட்ஸ் நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது. 1917இலேயே சிகாகோவின் சென்ட்ரல் பார்க் தியேட்டரில் குளிரூட்டும் எந்திரம் வைத்தவர்கள் அவர்கள். அதுவரை அமெரிக்காவில் கோடை என்றால் தியேட்டர்களுக்குப் பஞ்சகாலம். பல அரங்குகள் மூடியே கிடக்கும். குளிர்ந்த காற்று வந்த பிறகு கோடைதான் வசூல் காலம். வடிவமைப்பு, அவர்களுடைய வழக்கமான கட்டடக் கலைஞர்களான ராப் சகோதரர்கள், கார்னீலியஸும் ஜார்ஜும். அலுவலகக் கட்டடமும் அரங்கமும் சேர்த்து ஐம்பது லட்சம் டாலர் செலவு.

ராப் சகோதரர்களின் கைவண்ணம் முன்கூடத்தில் தெரியும். மிச்சிகனின் முன்கூடம் நான்கு மாடி உயரம். பளிங்குத் தூண்கள், ஆளுயரத்தையும் மிஞ்சிய கண்ணாடிகள், படிகச் சரவிளக்குகள், ஓவியங்கள், சிற்பங்கள், அகன்ற படிக்கட்டு. அரசனுடைய மாளிகையைப் பார்த்துக் கட்டியது. ஆனால் அதன் உள்ளே ஒரு கறாரான கணக்கு இருந்தது. காலையில் தொடங்கினால் இரவு வரை காட்சிக்குமேல் காட்சி. ஓர் ஆட்டம் முடிந்து நாலாயிரம் பேர் வெளியேறும் அதே பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடுத்த நாலாயிரம் பேர் உள்ளே போயாக வேண்டும். காத்திருக்கிற கூட்டம் தெருவில் பனியில் நின்றால் திரும்பிப் போய்விடும். ஆகவே ஆயிரம் பேரை உள்ளேயே நிற்க வைக்கும் கூடம் தேவை. நிற்பவர்களுக்கு அலுப்பு தட்டாமல் இருக்க அண்ணாந்து பார்க்க ஏதாவது வேண்டும். சரவிளக்குக்கும் சிற்பத்துக்கும் வேலை அதுதான். தொழிற்சாலையில் வண்டி நகரும் வரிசையைப் போல இங்கே மனிதர்கள் நகரும் வரிசை, பட்டுக் கம்பளத்தின் மேல்.

திறப்பு விழாப் படம் 'யூ நெவர் நோ விமன்', வில்லியம் வெல்மன் இயக்கிய ஊமைப்படம். அந்தக் காலத்தில் படம் நிகழ்ச்சியின் ஒரு பகுதி மட்டுமே. வாத்தியக் குழுவின் இசை முதலில். பிறகு செய்திச் சுருள். பிறகு மேடையில் பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும். அதன் பிறகே படம். படத்துக்குப் பின்னணியாக ஆர்கன் வாத்தியம். மிச்சிகனில் இருந்தது வுர்லிட்சர் கம்பெனியின் ஐந்து விசைவரிசை ஆர்கன். சுமார் 2,500 குழாய்கள். இடி, மழை, ரயில், பறவை எல்லாம் அதிலிருந்தே வரும். ஒரே ஒருவர் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் வாசித்து நாலாயிரம் பேரை அழவும் சிரிக்கவும் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆலைத் தொழிலாளி அங்கே போய் உட்கார்ந்ததை நினைத்துப் பார்க்கிறேன். பகலெல்லாம் ஒரே திருகை முடுக்கிக்கொண்டே இருந்த ஆள். சில காசுகளுக்கு அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பளிங்குப் படிக்கட்டு, சிவப்புக் கம்பளம், இருக்கை காட்ட சீருடை அணிந்த ஆள். உள்ளே இருக்கும் வரை அவர் அந்த மாளிகைக்கு விருந்தாளி. அமெரிக்காவில் சாதாரண மக்களுக்காகக் கட்டப்பட்ட மிக ஆடம்பரமான பொதுக் கட்டடங்கள் எவை என்று கேட்டால், நான் நூலகங்களையும் ரயில் நிலையங்களையும் சொன்ன கையோடு இந்தத் தியேட்டர்களைச் சொல்வேன்.

எப்படி வந்தார்கள் நாலாயிரம் பேர்? நடந்தும் டிராமிலும்தான். டெட்ராய்ட்டில் டிராம் நகராட்சிக்கே சொந்தம். 1922இல் நகரமே வாங்கி நடத்தத் தொடங்கியது. எல்லாத் தடங்களும் நடுவூரில் வந்து சேரும். கிராண்ட் சர்க்கஸ் பார்க் என்ற அரைவட்டப் பூங்காவைச் சுற்றிக் கூப்பிடு தூரத்தில் மாடிசன், கேப்பிடல், ஆடம்ஸ், ஸ்டேட், மிச்சிகன், யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ். கொஞ்சம் தள்ளி உட்வர்ட் அவென்யூவில் 1928இல் வந்த ஃபாக்ஸ், ஐயாயிரத்துக்கும் மேல் இருக்கையோடு. ஒன்றில் இடம் கிடைக்காவிட்டால் இன்னொன்று. சனிக்கிழமை இரவு ஆட்டம் விட்டால் தெரு முழுக்கத் தலைகள்.

பேசும் படம் வந்ததும் வாத்தியக் குழு குறைந்தது, ஆர்கனுக்கு வேலை போனது. அப்புறம் பொருளாதார மந்தம். குன்ஸ்கி அதற்குள் தன் தியேட்டர்களைப் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தார். அந்தப் பணத்தில் அவரும் பங்காளி ஜார்ஜ் டிரென்டிலும் ஒரு வானொலி நிலையம் வாங்கினார்கள். 1933இல் அந்த நிலையத்தில் தொடங்கிய தொடர் நாடகம்தான் 'தி லோன் ரேஞ்சர்'. காட்சிக்கொட்டகைக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே கதையை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் மிச்சிகன் நன்றாகவே ஓடியது. மேடை நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. பென்னி குட்மன், கிளென் மில்லர் குழுக்கள் வாசித்தன. மார்க்ஸ் சகோதரர்கள், பாப் ஹோப் எல்லாம் அந்த மேடையில் ஏறியவர்கள். போர்க்காலத்தில் ஆலைகள் டாங்கியும் விமானமும் செய்தபோது மூன்று ஷிப்ட் வேலை. ஊரெங்கும் ஆள், கையில் காசு, வாங்கப் பொருள் இல்லை. சினிமாவுக்குப் போவார்கள்.

1950 கணக்கெடுப்பில் டெட்ராய்ட்டின் மக்கள் தொகை 18,49,568. அதுதான் உச்சம். 2020 கணக்கெடுப்பில் 6,39,111. மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் மிச்சிகன் தியேட்டரின் சாவு இருக்கிறது.

என்ன நடந்தது? 1942இல் டேவிசன் விரைவுச்சாலை திறந்தது. தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டி நகரத்துக்குள் போடப்பட்ட முதல் அமெரிக்க விரைவுச்சாலை என்பார்கள். அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன. லாட்ஜ் விரைவுச்சாலை நடுவூரிலிருந்து வடமேற்காகப் போனது. கிரைஸ்லர் விரைவுச்சாலை ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேலேயே போடப்பட்டது. ஹேஸ்டிங்ஸ் தெரு என்றால் டெட்ராய்ட்டின் கறுப்பின மக்களுடைய கடைத்தெரு, இசைத்தெரு; அங்கிருந்த கடைகள், கிளப்கள், மருந்தகங்கள், வீடுகள் எல்லாம் தரைமட்டம். ஒரு பக்கம் இடித்த இடம், இன்னொரு பக்கம் ஊரை விட்டு வெளியே போகச் சீரான வழி.

வெளியே போனவர்கள் யார் என்பதும் தற்செயல் இல்லை. புறநகரில் வீடு வாங்க அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைத்தது. அதைக் கறுப்பின மக்களுக்குத் தரக்கூடாது என்பது அந்தக் காலத்து எழுதப்பட்ட நடைமுறை. 1941இல் எட்டு மைல் சாலைக்கு அருகே கறுப்பினக் குடியிருப்புக்கும் புதிய வெள்ளையர் மனைப்பிரிவுக்கும் இடையே ஆறடி உயர கான்கிரீட் சுவரே எழுப்பினார்கள், அரை மைல் நீளத்துக்கு. அப்படிப் பிரித்தால்தான் கடன் உத்தரவாதம் கிடைக்கும் என்பதற்காக. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. ஆகவே மக்கள் தாமாகவே விரும்பி நடுவூரை விட்டுப் போனார்கள் என்று யாராவது சொன்னால், யாருக்கு அந்த விருப்பம் கொடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

1954இல் நகர எல்லைக்கு வெளியே சவுத்ஃபீல்டில் நார்த்லேண்ட் வணிக வளாகம் திறந்தது. விக்டர் க்ரூன் வடிவமைத்தது. ஆயிரக்கணக்கான கார்களுக்கு இலவசமாக இடம். 1956 ஏப்ரலில் உட்வர்ட் அவென்யூவில் கடைசி டிராம் ஓடியது. வண்டிகளை மெக்சிகோ நகரத்துக்கு விற்றார்கள். அங்கே அவை இன்னும் பல ஆண்டுகள் ஓடின. அதே காலத்தில் மிச்சிகனின் ஆர்கனையும் பெயர்த்து விற்றாகிவிட்டது. விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் ஒரு வாத்திய ரசிகர் அதை வாங்கி, தன் வீட்டின் நிலவறையில் ஒரு சிறு தியேட்டரே கட்டிப் பொருத்தி, ஊராருக்கு வாசித்துக் காட்டினார். ஒரு தனிமனிதரின் அன்பு செய்ததை நாலாயிரம் இருக்கை உள்ள நிறுவனத்தால் செய்ய முடியவில்லை.

இதற்கிடையே 1948இல் உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. படம் எடுக்கிற கம்பெனியே தியேட்டரும் வைத்திருக்கக்கூடாது என்று. தீர்ப்பு நியாயமானதுதான். ஆனால் பெரிய அரங்குகளைத் தாங்கிப் பிடித்திருந்த கை அதோடு போனது. அப்புறம் தொலைக்காட்சி.

இப்போது ஒரு கணக்கைப் பார்க்கலாம். இந்தத் தொடருக்காக மிச்சிகனைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து என் மனதை விட்டு அகலாத கணக்கு. அரங்கில் 4,038 இருக்கை. டிராம் இல்லை, எல்லோரும் காரில்தான் வர வேண்டும், காருக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு 2,019 கார் நிறுத்த இடம் வேண்டும். பின்னாளில் அந்த அரங்கத்தின் வயிற்றையே காலி செய்து மூன்று அடுக்கு போட்டபோது உள்ளே அடங்கியவை 160 கார். அதாவது மிச்சிகன் தியேட்டருக்கு வருகிறவர்களின் வண்டிகளை நிறுத்த மிச்சிகன் தியேட்டரைப் போல பன்னிரண்டு, பதின்மூன்று கட்டடங்கள் வேண்டும். கிராண்ட் சர்க்கஸ் பார்க்கைச் சுற்றி அப்படி அரை டஜன் அரங்குகள். அத்தனைக்கும் கார் நிறுத்த இடம் செய்தால் நடுவூரே மிஞ்சாது. ஏறக்குறைய அப்படித்தான் ஆனது. ஒவ்வொரு கட்டடமாக இடித்து, தார் ஊற்றி, கோடு போட்டார்கள். இடிக்க இடிக்க அங்கே போவதற்கான காரணம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ரசனை மாறிவிட்டது, தொலைக்காட்சி வந்துவிட்டது என்ற விளக்கங்கள் தவறில்லை. ஆனால் பரப்பளவுக் கணக்கிலேயே அந்தத் தியேட்டர் தோற்றுப்போயிருந்தது. நடந்து வருகிற ஊருக்காகக் கட்டப்பட்ட அரங்கம் அது.

1967 மார்ச்சில் மிச்சிகனில் படம் நின்றது. இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில்தான் டெட்ராய்ட்டில் பெரும் கலவரம் வெடித்தது. 43 பேர் இறந்தார்கள், ராணுவம் வந்தது. அதன் பிறகுதான் நடுவூர் பாழானது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். மிச்சிகன் மூடப்பட்டது அதற்கு நான்கு மாதம் முன்பு. ஜூலையில் கொதித்தெழுந்தவர்கள் அந்தத் தியேட்டரை மூடவில்லை.

பிறகு கை மாறியது. 1970களின் தொடக்கத்தில் இருக்கைகளை எடுத்துவிட்டு, படிப்படியாக மேசை போட்டு, உணவும் ஆட்டமுமாக ஓர் இரவு விடுதி நடத்திப் பார்த்தார்கள். எடுபடவில்லை. அதன்பின் மிச்சிகன் பேலஸ் என்ற பெயரில் ராக் இசைக்கூடமானது. டேவிட் போவி, நியூயார்க் டால்ஸ், ஏரோஸ்மித், கிஸ் என்று அந்தக் காலத்து ராக் இசையின் வரிசையே அங்கே வாசித்தது. 1974 பிப்ரவரி 9 அன்று டெட்ராய்ட் வட்டாரத்தின் சொந்தப் பிள்ளைகளான ஸ்டூஜஸ் குழு அங்கே வாசித்தது. பாடகர் இகி பாப் கூட்டத்தைச் சீண்ட, கூட்டம் முட்டையும் ஐஸ் கட்டியும் பாட்டிலும் எறிந்தது. அந்த இரவின் ஒலிப்பதிவு 1976இல் 'மெட்டாலிக் கே.ஓ.' என்ற தட்டில் வந்தது. பாட்டில் உடையும் சத்தம் அதில் கேட்கும். குழு அதோடு கலைந்தது. அரங்கத்தின் அழகுப் பொருள்கள் அந்த ஆண்டுகளில் நிறையப் போயின. ஆனால் ராப் சகோதரர்களின் விதானத்தின் கீழே ஓர் இசை வகை தன் முரட்டுக் குரலைக் கண்டுபிடித்தது என்பதும் உண்மை. கம்பளம் போன பிறகும் அது அரங்கமாகவே இருந்தது. மேடையில் ஒருவர், எதிரே ஆயிரம் பேர்.

1976இல் அதுவும் மூடியது. இப்போது உரிமையாளர்களுக்கு முன்னால் இருந்தது வேறொரு பிரச்சினை. பதின்மூன்று மாடி அலுவலகத்தில் வாடகைக்கு இருந்தவர்கள், கார் நிறுத்த இடம் கொடு, இல்லாவிட்டால் காலி செய்கிறோம் என்றார்கள். தியேட்டரை இடித்துவிடலாம் என்று பார்த்தால், அலுவலகக் கட்டடமும் அரங்கமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அரங்கை முழுதாக இடித்தால் அலுவலகமும் ஆட்டம் காணும் என்றார்கள் பொறியாளர்கள். ஆகவே வெளிச்சுவரையும் கூரையையும் அப்படியே விட்டுவிட்டு, பால்கனியையும் கீழ்த்தளத்தையும் பெயர்த்தெடுத்து, உள்ளே கான்கிரீட் தட்டுகள் போட்டார்கள். 1977இல் கார்கள் உள்ளே ஏறின.

அதனால்தான் கூரை பிழைத்தது. யாரும் காப்பாற்றவில்லை, இடிக்க முடியாததால் நின்றது. மேடை வளைவும், முன்கூடத்தின் மேற்பகுதியும், ஆபரேட்டர் அறையின் மிச்சமும் அப்படியே அந்தரத்தில் இருக்கின்றன. கீழே எண்ணெய்க் கறை.

ஹென்றி ஃபோர்டின் கொட்டகை இருந்த மனைமேல் கார் நிறுத்தம் வந்துவிட்டதே, என்ன விதி என்று வியக்காத எழுத்தாளர் இல்லை. அந்தக் கொட்டகையின் நகலை ஃபோர்டு டியர்போர்னில் தன் கிரீன்ஃபீல்டு கிராமத்தில் கட்டி வைத்தார். முதல் வண்டி அங்கேயே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேக்லியில் நினைவுப் பலகை உண்டு. எனக்கு விதி என்ற சொல் உவப்பில்லை. கடன் உத்தரவாதத்தில் யாரைச் சேர்ப்பது என்று ஒருவர் எழுதினார். டிராமை நிறுத்த ஓட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள். விரைவுச்சாலை எந்தத் தெருவின் மேல் போகவேண்டும் என்று வரைபடத்தில் ஒரு கை கோடு இழுத்தது. ஒவ்வொரு மேசையிலும் அந்த முடிவு நியாயமாகவே தெரிந்திருக்கும். வாடகைக்காரர்கள் பார்க்கிங் கேட்டதும் நியாயமே. அவர்கள் வேறு எப்படி வேலைக்கு வருவார்கள்?

விதி இல்லை என்பதற்குச் சாட்சி உட்வர்ட் அவென்யூவிலேயே இருக்கிறது. அதே காலம், அதே வகை, இன்னும் பெரிய அரங்கமான ஃபாக்ஸ் தப்பித்தது. பீட்சா வியாபாரத்தில் வளர்ந்த இலிட்ச் தம்பதியர் அதை வாங்கி, 1988இல் பழைய அழகோடு திறந்தார்கள். கேப்பிடல் தியேட்டர் 1996இல் டெட்ராய்ட் ஆபரா ஹவுஸ் ஆனது. நகரத்தின் கைவிடப்பட்ட பெரிய ரயில் நிலையத்தை 2018இல் வாங்கிச் செப்பனிட்டு 2024இல் திறந்தது, வேறு யாருமில்லை, ஃபோர்டு நிறுவனம்தான். மனம் வைத்த இடத்தில் நடந்திருக்கிறது.

மிச்சிகனுக்குச் சினிமாவே திரும்ப வந்தது, வேறு விதமாக. 2002இல் வந்த 'எய்ட் மைல்' படத்தில் எமினெம் வார்த்தைச் சண்டை போடும் ஒரு காட்சி இந்தக் கார் நிறுத்தத்தில் எடுக்கப்பட்டது. படத்தின் பெயர், நான் மேலே சொன்ன சுவர் இருக்கிற அதே எட்டு மைல் சாலையின் பெயர். ஜிம் ஜார்முஷின் 'ஒன்லி லவர்ஸ் லெஃப்ட் அலைவ்' படத்திலும் இரவில் காரில் வந்து இந்த விதானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். உலகமெங்கும் இருந்து புகைப்படக்காரர்கள் வந்தபடி இருக்கிறார்கள். இடிபாட்டின் அழகு என்று பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்று: ஏறக்குறைய எதிலுமே மனிதர் இல்லை. அந்த இடமே மனிதக் கூட்டத்துக்காக எழுப்பப்பட்டது.

சென்னையை ஆசியாவின் டெட்ராய்ட் என்று நாம் பெருமையாகச் சொல்லி வளர்ந்தோம். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையே வந்தது. 2021இல் உற்பத்தியை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. அண்ணா சாலையில் சபையரும் ஆனந்தும் சாந்தியும் இன்று இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய் டிக்கெட் எடுத்த தியேட்டர்கள் அவை. இந்த ஒப்புமையை இதற்குமேல் இழுக்க விரும்பவில்லை. நம் ஊரில் இன்னும் நடுவூர் காலியாகவில்லை, பஸ் இருக்கிறது, மெட்ரோ வருகிறது. ஆனால் ஒவ்வொரு புதுக் கட்டடத்துக்கும் எத்தனை கார் நிறுத்த இடம் என்பதை முதல் கேள்வியாகக் கேட்டுப் பழகிவிட்டோம். எத்தனை பேர் நடந்து வந்து சேர முடியும் என்ற கேள்வி நம் ஊர்த் திட்டங்களில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

டெட்ராய்ட்டை விட்டுப் போகுமுன் இன்னும் ஓர் அரங்கம் பாக்கி இருக்கிறது. உட்வர்ட் அவென்யூவில் 1919இல் கட்டப்பட்ட ஆர்கெஸ்ட்ரா ஹால். 1941 முதல் பத்தாண்டு அது பாரடைஸ் தியேட்டர் என்ற பெயரில் டியூக் எலிங்டனையும் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் வரவேற்றது. 1970இல் அதை இடிக்க நாள் நெருங்கியபோது, பால் கேன்சன் என்ற பஸூன் வாத்தியக்காரர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு குறுக்கே நின்றார். அவர்கள் அதை எப்படி மீட்டார்கள், அதற்கு எத்தனை ஆண்டு பிடித்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)